நான்கு அசங்கியமும் ஓர் இலட்சமும்

பாலி மொழியிலுள்ள சுத்த நிபாதத்தில் கோகாலிகன் என்ற துறவியின் கதை வருகிறது. புத்தரின் சீடர்களான சாரிபுத்தர் மீதும் மொக்கல்லானர் மீதும் அவதூறு பேசிய அவன் பதும நரகத்தில் விழுகிறான். அங்கே எவ்வளவு காலம் கிடக்க வேண்டும் என்று ஒரு பிக்கு கேட்க, புத்தர் ஓர் அளவு சொல்கிறார். கோசல நாட்டு அளவையில் இருபது காரி எள் ஏற்றிய ஒரு வண்டி. நூறு வருடத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து ஒரே ஓர் எள்ளை எடுத்துக்கொண்டே வர வேண்டும். வண்டி காலியாகிவிடும், ஆனால் முதல் நரகமான அப்புதத்தின் காலம் அப்போதும் முடிந்திராது. இருபது அப்புதம் ஒரு நிரப்புதம். அதன் இருபது மடங்கு அடுத்த நரகம். இப்படியே பத்து நரகங்கள். பத்தாவது பதுமம்.

இந்தக் கதையின் கடைசியில் வரும் ஒரு செய்யுள் கணக்கைத் தொகையோடு முடித்து வைக்கிறது. பதும நரகத்துக்குரிய எள் வண்டிகளை அறிஞர்கள் எண்ணிவிட்டார்களாம்: ஐந்து நகுதம் கோடி, அதற்கு மேல் ஆயிரத்து இருநூறு கோடி. இங்கே நகுதம் என்பது பத்தாயிரம். ஆகவே மொத்தம் 51,200 கோடி வண்டி.

சரிபார்க்கலாம். ஒரு வண்டியை ஓர் அப்புதத்துக்குச் சமமாக வைத்தால், முதல் நரகத்திலிருந்து பத்தாவதுக்குப் போக ஒன்பது தடவை இருபதால் பெருக்க வேண்டும். இரண்டை ஒன்பது தடவை பெருக்க 512 வரும்; பின்னால் ஒன்பது பூச்சியம். 512,000,000,000. கோடிக்கென்று ஏழு பூச்சியத்தை எடுத்துவிட்டால் 51,200 மிஞ்சும். செய்யுள் தரும் தொகை அப்படியே அதுதான். பத்து நரகம் என்றதும் பத்துத் தடவை பெருக்கிவிடுவது மிக எளிதில் நேரக்கூடிய பிழை. பத்துத் தூண் நட்ட வேலியில் இடைவெளி ஒன்பதுதான் என்பதைக் கவனிக்கத் தவறுவதைப் போல. அப்படித் தவறியிருந்தால் பத்து இலட்சத்து இருபத்துநாலாயிரம் கோடி என்று வந்திருக்கும். கணக்குப் போட்டவர் தவறவில்லை.

இந்த எண்ணுக்கு வேறு அழகும் உண்டு. அது 8,000 என்ற எண்ணின் கனம். முன்னால் நிற்கும் 512-இன் இலக்கங்களைக் கூட்டினால் 8. எட்டின் கனம் 512. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகைக்கே கனமாக அமையும் எண்கள் மொத்தம் ஆறுதான்: 1, 512, 4913, 5832, 17576, 19683. இருபது இருபதாகப் பெருகும் நரகங்கள் அவற்றில் ஒன்றின் மேல் போய் நின்றது தற்செயல்.

சுத்த நிபாதத்தின் பழைய உரை ஒரு குறிப்புத் தருகிறது: கடைசி இரண்டு செய்யுள்களும் மகா அட்டகதை என்ற இன்னும் பழைய உரை ஏற்றுக்கொண்ட பாடங்களில் இல்லை. எண்ணைச் சொல்லும் செய்யுள் அந்த இரண்டில் ஒன்று. கதையை ஓதிவந்த மரபில் யாரோ ஒருவர் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்து, விடையைச் செய்யுளாக்கிச் சேர்த்தார் என்றே நான் கொள்கிறேன். பெருந்தொகை என்றால் வெறும் மலைப்பு என்று விட்டுவிடாமல் அதைத் துல்லியமான முழு எண்ணாக நடத்திய அந்த மனத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அந்த மரபின் ஏடுகளோடு நெருங்கிய உறவுள்ள ஊர் இலங்கையின் மாத்தளை.

மாத்தளை நகரில் முத்துமாரியம்மன் கோவிலைக் கடந்து தம்புள்ளை வீதியில் வடக்கே சில கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. பெரும் பாறைகளுக்கிடையே குகைகள். ஒரு குகையில் நரக வேதனைகளைச் சிலையும் ஓவியமுமாகக் காட்டியிருக்கிறார்கள். வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பௌத்த மறைநூல் தொகுதியான திரிபிடகம் வலகம்பா மன்னன் காலத்தில் (கி.மு. 89–77) முதன்முதலில் ஏட்டில் ஏறியது. பஞ்சமும் படையெடுப்பும் பிக்குகளின் தொகையைக் குறைத்துவிட்ட காலம் அது. மகாவம்சம் எழுதப்பட்டதை மட்டும் சொல்கிறது. இடம் இதுதான் என்பது பின்வந்த சிங்கள மரபு. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது இங்கிருந்த ஏட்டுச் சேகரிப்புக்குப் பேரழிவு நேர்ந்தது. இன்றும் இங்கே ஏடு எழுதும் முறையைச் செய்து காட்டுகிறார்கள். பதப்படுத்திய தாளிப்பனை ஓலையில் எழுத்தாணி கீறும்போது எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. கரியும் எண்ணெயும் கலந்த மையை ஓலை முழுவதும் பூசி, பிறகு துடைத்தெடுக்கிறார்கள். கீறலுக்குள் புகுந்த கரி மட்டும் தங்கி, எழுத்து கறுப்பாகத் துலங்குகிறது.

அந்த ஓலையில், தலைப்பிலுள்ள அசங்கியம் போன்ற 141 இலக்க எண் ஒன்றை எப்படி எழுதுவது? திரிபிடகம் ஏட்டில் ஏறிய காலத்தில் பூச்சியத்தோடு கூடிய இடமதிப்பு எழுத்துமுறை வழக்கில் இல்லை. பழைய சிங்கள இலக்கங்களிலும் பூச்சியம் கிடையாது. நம் பழைய தமிழ் இலக்கங்களிலும் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள்தான். பெரிய எண்ணைக் கையாளப் பெயர் வேண்டும். பெயர்களை அடுக்க ஒரு விதி வேண்டும். கிடைக்கும் பாலி இலக்கண நூல்களில் மிகப் பழைய கச்சாயனத்தில் அந்த விதி இருக்கிறது. கோடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியும் முந்தியதன் கோடி மடங்கு. கோடி 10⁷, பகோடி 10¹⁴, கோடிப்பகோடி 10²¹, நகுதம் 10²⁸ என்று ஏறி, இருபதாவது படியில் அசங்கியம்: 10¹⁴⁰. பிற்காலத்தில் பொலன்னறுவையில் மொக்கல்லானர் என்ற வேறொருவர் இயற்றிய அபிதானப்பதீபிகை என்ற நிகண்டும் இந்தப் பெயர் வரிசையைத் தருகிறது.

எள் வண்டிக் கணக்கில் பத்தாயிரமாக இருந்த நகுதம் இங்கே 10²⁸ ஆகிவிட்டது. நரகங்களின் பத்துப் பெயர்களும் இந்த ஏணியின் நடுவில் வருகின்றன. அங்கே இருபது மடங்காக ஏறியவை இங்கே கோடி மடங்காக ஏறுகின்றன. அப்புதம் 10⁵⁶, பதுமம் 10¹¹⁹. ஆகவே இப்படிப்பட்ட எண்ணை எங்கே கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, எந்த ஏணியில் எந்தப் படி என்பதுதான். வசுபந்துவின் அபிதர்மகோசத்தில் ஏணி வேறு: பத்துப் பத்தாகப் பெருகும் அறுபது இடங்களில் கடைசி இடம் அசங்கியம். இதைப் பார்க்காமல் 'பௌத்தர்கள் இத்தனை பூச்சியம் வரை எண்ணினார்கள்' என்று பெருமை பேசுகிறவர்களும், எல்லாம் மிகைப்படுத்தல் என்று ஒதுக்குகிறவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

உப்பலம், குமுதம், புண்டரீகம், பதுமம் என்று நீர்ப்பூக்களின் பெயர்கள் இந்த வரிசையில் நிற்பது தமிழ் வாசகருக்குப் புதிதாக இராது. பரிபாடலின் இரண்டாம் பாட்டு ஊழிகளின் கால அளவைச் சொல்ல நெய்தல், குவளை, ஆம்பல், கமலம் ஆகியவற்றையே எண்ணுப் பெயர்களாக ஆள்கிறது. தொல்காப்பியம் ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப் பெயர்களுக்குத் தனியே புணர்ச்சி விதி வகுத்திருக்கிறது. உரைகாரர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று எடுத்துக்காட்டுகிறார்கள். தமிழில் பெயர்கள் எஞ்சியிருக்கின்றன; ஒவ்வொன்றின் மதிப்பையும் நிறுத்திக் காட்டும் கச்சாயனம் போன்ற ஏணி அந்த நூல்களில் இல்லை. மத்தியதரைக் கடலோரத்தில் ஆர்க்கிமிடீஸ் செய்தது கச்சாயனத்துக்கு நெருக்கமானது. அண்டம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும் மணிகளின் தொகை 10⁶³-ஐத் தாண்டாது என்று அவர் கணக்கிட்டார். அவருடைய ஏணியின் படி பத்துக் கோடி, கச்சாயனத்தின் படி ஒரு கோடி. அவர் முடித்த 10⁶³ கச்சாயனத்தில் ஒன்பதாம் படியான நிரப்புதம்.

இனி எண்ணுக்குள் போகலாம். 10¹⁴⁰ அளவில் பெரியது, அமைப்பில் மிக எளியது. இரண்டும் ஐந்தும் 140 தடவை வீதம் பெருகியது. வேறு முதன்மைக் காரணி (பகாக் காரணி) இல்லை. மொத்தக் காரணிகள் 141 × 141 = 19,881. அது நிறைவர்க்கம், நான்காம் வலு, ஐந்தாம் வலு, ஏழாம் வலுவும்கூட. இப்படி எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிற எண்ணிடம் கேட்க அதிகம் இல்லை.

பௌத்த மரபு அந்த எண்ணைத் தனியே விட்டுவைக்கவில்லை. சுமேதர் என்ற துறவி தீபங்கர புத்தரின் முன்னிலையில் உறுதி பூண்டது முதல், கௌதமராகப் புத்த நிலை எய்தும் வரை கடந்த காலம் நான்கு அசங்கியமும் ஓர் இலட்சமும் கற்பங்கள் என்பது தேரவாத மரபு. அசங்கியத்தை இங்கே கச்சாயனத்தின் எண்ணாகவே எடுத்துக்கொள்கிறேன். அது ஒரு வாசிப்புத்தான். ஆனால் இலட்சம் என்ற திட்டமான எண்ணோடு கூட்டிச் சொல்லும்போது அசங்கியத்தையும் திட்டமான எண்ணாக வாசிப்பது பொருத்தமானது. அப்படியானால்:

4 × 10¹⁴⁰ + 100,000

அந்த இலட்சத்தை முழுத் தொகையோடு ஒப்பிட்டால் எந்தத் தராசுக்கும் தெரியாத அளவு அற்பம். அண்டத்திலுள்ள அணுக்களின் தொகையாக வானியலாளர் மதிப்பிடும் 10⁸⁰-ஆல் இந்த எண்ணை வகுத்தாலும், ஈவில் அந்த இலட்சத்தின் சுவடு தெரியாது. எண்ணின் உள்ளமைப்பில் நிலைமை நேர்மாறு. இலட்சத்தைச் சேர்க்குமுன் 4 × 10¹⁴⁰ நிறைவர்க்கம். 2 × 10⁷⁰-இன் வர்க்கம். சேர்த்த மறுகணம் எண் அடியோடு மாறிவிடுகிறது. பொதுவாக நிற்கும் 10⁵-ஐ வெளியே எடுத்தால் உள்ளே மிஞ்சுவது

4 × 10¹³⁵ + 1

முதலில் ஒரு 4, நடுவில் 134 பூச்சியம், கடைசியில் 1. மொத்தம் 136 இலக்கம். இதன் காரணிகள் எவை? இரண்டும் ஐந்தும் இல்லை. இலக்கங்களின் கூட்டு ஐந்து, ஆகவே மூன்றும் இல்லை. 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் பார்த்துவிடலாம்: மூன்றின் பெருக்கம் 1001, ஆயிரத்தை 1001-ஆல் வகுத்தால் ஒன்று குறைகிறது, அதாவது மீதி −1. 10¹³⁵ என்பது ஆயிரத்தின் 45ஆம் வலு; 45 ஒற்றை எண் ஆதலால் அதன் மீதியும் −1. நான்கால் பெருக்கி ஒன்றைக் கூட்ட −3. ஆகவே மூன்றுமே காரணிகள் அல்ல.

இந்த மீதிக் கணிதத்துக்கு முறையான வடிவம் கொடுத்தவர் ஜெர்மானியக் கணிதவியலாளர் காவுஸ். அவருடைய நூல் 1801இல் வெளிவந்தது. தேடலை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது. நம் எண்ணை 1 + 10 × (2 × 10⁶⁷)² என்று எழுதலாம். இந்த வடிவத்திலுள்ள எண்ணுக்குக் காரணியாகும் முதன்மை எண்ணை 40-ஆல் வகுத்தால் மீதி 1, 7, 9, 11, 13, 19, 23, 37 ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். நூறுக்குள் அப்படிப்பட்டவை பதினொன்று: 7, 11, 13, 19, 23, 37, 41, 47, 53, 59, 89. முதல் மூன்றும் போய்விட்டன. 999 என்பது 37-இன் மடங்கு, 99,999 என்பது 41-இன் மடங்கு. 135 மூன்றாலும் ஐந்தாலும் வகுபடுவதால் அந்த இரண்டிலும் மீதி 5. எஞ்சிய ஆறையும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம், ஒன்றும் தேறாது. நூறைத் தாண்டினால் 101 விதியில் அடங்காது. 103 அடங்கும், ஆனால் 22 மீதி விடும். 107, 109, 113 விதிக்கு வெளியே.

அடுத்தது 127.

பத்து இலட்சத்தை 127-ஆல் வகுத்தால் ஈவு 7,874, மீதி 2. எல்லாம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. 10¹³² என்பது பத்து இலட்சத்தின் 22ஆம் வலு. ஆகவே அதன் மீதி 2²²-இன் மீதி. 2⁷ = 128, மீதி 1; எனவே 2²¹-இன் மீதியும் 1, 2²²-இன் மீதி 2. 10¹³⁵-க்கு இன்னும் ஆயிரத்தால் பெருக்க 2,000. நான்கு மடங்கு 8,000. ஒன்றைக் கூட்ட 8,001. அது 127 × 63. மீதி பூச்சியம்.

136 இலக்கமுள்ள எண்ணின் மிகச் சிறிய காரணியைக் கணினி இல்லாமல், கல்குலேற்றர்கூட இல்லாமல் கண்டுபிடித்துவிட்டோம். இதைச் செய்து முடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. 127 வகுக்கும் என்று அந்த ஏட்டை எழுதிய பிக்குகளுக்குத் தெரிந்திருந்தது என நான் சொல்ல வரவில்லை. இந்தக் கணிதம் அவர்களுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. ஆனால் அவர்கள் எண்ணை விதியோடு கட்டி வைத்தார்கள். அதனால்தான் இத்தனை காலம் கழித்தும் அதனிடம் கேள்வி கேட்க முடிகிறது, திட்டமான விடையும் கிடைக்கிறது.

127 எத்தனை தடவை போகும்? 127-இன் வர்க்கம் 16,129. அதன் 62 மடங்கு 999,998. ஆகவே வர்க்கத்தால் வகுத்தாலும் பத்து இலட்சத்தின் மீதி அதே 2. மேலே செய்ததைத் திரும்பச் செய்தால் கடைசியில் 7,620 மிஞ்சும்; அது 127 × 60. எனவே 127 ஒரே தடவைதான் போகிறது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: நான்கு அசங்கியமும் ஓர் இலட்சமும் சேர்ந்த எண் வர்க்கமும் அல்ல, கனமும் அல்ல, எந்த எண்ணின் வலுவும் அல்ல.

வகுத்து வரும் ஈவு 134 இலக்கம். அதை முழுவதும் எழுதிவிடலாம், ஏனென்றால் அதற்குள் ஓர் ஒழுங்கு ஓடுகிறது. ஒன்றை 127-ஆல் வகுத்துத் தசமமாக எழுதி, ஆறு ஆறு இலக்கமாகப் பிரித்தால் 007874, 015748, 031496, 062992, 125984, 251968, 503937 என்று வரும். ஒவ்வொரு தொகுதியும் முந்தியதன் இரட்டிப்பு. கடைசியில் மட்டும் அடுத்த இரட்டிப்பிலிருந்து ஒன்று ஏறிவிடுகிறது. பிறகு முதல் தொகுதி திரும்ப வரும். பத்து இலட்சம் மீதி 2 விடுவதன் நேரடி விளைவு இது. நம் ஈவும் 31496, 062992, 125984 என்று தொடங்கி, இதே 42 இலக்கச் சுற்றில் மூன்று முறை ஓடி, 31496063 என்று முடிகிறது.

அந்த ஈவை மேலும் உடைப்பது வேறு தரத்து வேலை. 1977இல் 129 இலக்க எண் ஒன்றைக் காரணிப்படுத்தும்படி உலகுக்குச் சவால் விடப்பட்டது. ஆர்.எஸ்.ஏ. என்ற மறைகுறி முறையின் வலிமையைக் காட்டுவதற்கான சவால் அது. ஏறக்குறைய 600 தொண்டர்களின் சுமார் 1,600 கணினிகள் மாதக்கணக்கில் உழைத்து 1994இல் அதை உடைத்தன. அதன் வரிசையிலேயே 140 இலக்க ஆர்.எஸ்.ஏ-140 என்ற எண் 1999 பெப்ரவரியில் உடைந்தது. அவை இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்கி, உடைக்கக் கடினமாக இருக்கும்படி வேண்டுமென்றே செய்தவை. நம் ஈவு அப்படிச் செய்யப்பட்டதல்ல. ஆனால் பருமன் அதே அளவு. வங்கி அட்டையிலும் கைபேசியிலும் நாம் நம்பியிருக்கும் பாதுகாப்பில் ஒரு பகுதி, பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்ற இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

கடைசியாக இன்னும் இரண்டு எண்கள். போதிசத்துவர்களை மூன்று வகையாகப் பிரித்து, அறிவு மேலோங்கியவருக்கு நான்கு அசங்கியம், நம்பிக்கை மேலோங்கியவருக்கு எட்டு, முயற்சி மேலோங்கியவருக்குப் பதினாறு என்றும், ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் இலட்சம் கற்பம் என்றும் உரைமரபு வகுக்கிறது. இப்படிச் சொல்பவர்களில் ஒருவர் ஆசாரியர் தம்மபாலர். தென்னிந்தியக் கடலோரத்துப் பதரதித்த விகாரையில் வாழ்ந்தவர் என்று மரபு அவரைச் சொல்கிறது. பதினாறு அசங்கிய எண்ணில் இலட்சத்தை வெளியே எடுத்தால் 16 × 10¹³⁵ + 1. நூறுக்குள் எந்த முதன்மை எண்ணும் அதை வகுக்காது, 127-உம் வகுக்காது.

எட்டு அசங்கியத்துக்கு எதிர்பாராத குணம். 8 × 10¹³⁵ என்பது 2 × 10⁴⁵-இன் கனம். கனத்தோடு ஒன்றைக் கூட்டினால் பள்ளியில் படித்த சூத்திரமே அதை இரண்டாக உடைத்துவிடும்: ஒரு பக்கம் 2 × 10⁴⁵ + 1, மறுபக்கம் 4 × 10⁹⁰ − 2 × 10⁴⁵ + 1. முதலாவதில் 46 இலக்கம். இரண்டாவதில் 91 இலக்கம்: ஒரு 3, நாற்பத்துநான்கு 9, ஒரு 8, நாற்பத்துநான்கு பூச்சியம், கடைசியில் 1. இரண்டுமே மூன்றால் வகுபடும். இரண்டாவது ஏழாலும் வகுபடும். முதலாவதை மூன்றால் வகுத்தால் நாற்பத்துநான்கு ஆறுகள் வரிசையாக வந்து, கடைசி இலக்கம் ஏழாக முடியும்.